மினமாட்டா: யாருடைய சொல் சாட்சியம்?

1959 டிசம்பர் 30 அன்று, ஜப்பானின் கியூஷு தீவில் உள்ள மினமாட்டா என்ற தொழில் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் சிஸ்ஸோ என்ற பெரிய வேதித் தொழில் நிறுவனம். மறுபக்கம், கை கால் நடுங்கி, பார்வை குறுகி, பேச்சுக் குழறிப்போனவர்களின் மீனவக் குடும்பங்கள். நிறுவனம் தர முன்வந்த பணத்துக்கு 'ஆறுதல் தொகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இறந்தவருக்கு 3,00,000 யென். உயிரோடிருக்கும் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,00,000 யென். சிறுவர்களுக்கு 30,000 யென். கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. நோய்க்குக் காரணம் ஆலைக் கழிவுதான் என்று பிற்காலத்தில் உறுதியானாலும், மேற்கொண்டு இழப்பீடு எதுவும் கேட்கக் கூடாது. அந்த நிபந்தனை எழுதப்பட்ட வேளையில், காரணம் அந்தக் கழிவுதான் என்று காட்டும் சோதனை முடிவு ஆலையின் சொந்த மருத்துவமனையிலேயே இருந்தது.

சுற்றுச்சூழல் அநீதியின் முழு வடிவத்தையும் இந்த ஒப்பந்தத்தில் பார்க்க முடிகிறது. கடலில் கலந்த நஞ்சு முதல் அநீதி. நஞ்சுண்டவர்களின் சொல்லைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது இரண்டாவது அநீதி. முதலாவதைத் தடுக்கச் சட்டமும் தொழில்நுட்பமும் போதலாம். இரண்டாவதை உடைக்க அவை போதா. மினமாட்டாவில் எழுத்தாளர்கள், ஒளிப்படக் கலைஞர்கள், ஆவணப்பட இயக்குநர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், தொழிலாளர்கள் எனப் பலர் பாதிக்கப்பட்டவர்களோடு சேர்ந்து அதை உடைக்க முயன்றார்கள். கலை, கல்வி, போராட்டம் என்னும் மூன்றும் அங்கே ஒரே வேலையின் மூன்று பகுதிகளாக இருந்தன. பாதிக்கப்பட்டவர்களின் சொல்லுக்கு மதிப்பைத் திரும்பப் பெற்றுத் தருவதே அந்த வேலை. அது எப்படி நடந்தது, எங்கே வென்றது, எங்கே இன்னும் முடியாமல் நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடலும் ஆலையும்

மினமாட்டா, குமமோட்டோ மாகாணத்தில், ஷிரானுயி கடலோரத்தில் இருக்கிறது. தீவுகள் சூழ்ந்த அமைதியான உள்கடல் அது. 1908-ல் அங்கே கார்பைடு ஆலையாகத் தொடங்கிய நிறுவனம், உரம், பிளாஸ்டிக் மூலப்பொருள்கள் என வளர்ந்து ஜப்பானின் முன்னணி வேதித் தொழில் நிறுவனங்களில் ஒன்றானது. ஊரின் வேலைவாய்ப்பு, வரி வருவாய், நகராட்சி அரசியல் எல்லாம் ஆலையைச் சுற்றியே அமைந்தன. ஆலையில் வேலை கிடைத்தவர்கள் மேல்தட்டில் இருந்தார்கள். சிறு படகில் மீன் பிடித்து அந்த மீனையே மூன்று வேளையும் உண்டு வாழ்ந்த கரையோரக் குடும்பங்கள் அடித்தட்டில் இருந்தன. அவர்களில் பலர் எதிர்க்கரையில் உள்ள அமாகுசா தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் வழித்தோன்றல்கள்.

1932-ல் ஆலை அசிட்டால்டிஹைடு தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பாதரசம் வினையூக்கியாகப் பயன்பட்டது. வினையின்போது அதன் ஒரு பகுதி மீத்தைல் பாதரசமாக மாறியது. ஆலைக் கழிவுநீர் அதைச் சுமந்துகொண்டு ஹ்யாக்கென் துறைமுகத்தின் வழியாக விரிகுடாவில் கலந்தது. தண்ணீரில் மிகக் குறைந்த அளவில் இருந்தாலும், நுண்ணுயிர்களிலிருந்து சிறு மீனுக்கும் சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் செல்லும்போது அது படிப்படியாகச் செறிவடைகிறது. மனித உடலில் நுழைந்ததும் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. உணர்விழப்பு, தள்ளாட்டம், பார்வைப் புலம் சுருங்குதல், செவித்திறன் குறைதல், வலிப்பு, மரணம் என்று அது போகும்.

மனிதர்களுக்கு முன்னால் விலங்குகளிடம் நோய் தெரிந்தது. 1950-களின் முற்பகுதியில் மீன் தின்ற பூனைகள் வெறிகொண்டதுபோல் சுழன்று கடலில் விழுந்து செத்தன. பறவைகள் வானிலிருந்து விழுந்தன. செத்த மீன்கள் கரை ஒதுங்கின. இவற்றை முதலில் பார்த்தவர்கள் மீனவர்கள். கடலில் ஏதோ கெட்டுவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

1956 மே 1 அன்று, ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவா ஹஜிமே, காரணம் தெரியாத மூளை நோயோடு குழந்தைகள் வந்திருப்பதாக நகரச் சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அந்த நாளே மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாகக் கொள்ளப்படுகிறது. முதலில் தொற்றுநோய் என்று அஞ்சினார்கள். நோயாளிகளின் வீடுகளுக்குக் கிருமிநாசினி தெளித்தார்கள். அக்கம்பக்கத்தார் ஒதுங்கினார்கள். கடைகளில் அவர்கள் நீட்டிய காசைக் கையால் தொட்டு வாங்கவும் தயங்கினார்கள். தொற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒதுக்குதல் நிற்கவில்லை. நோயைப் பற்றிப் பேசினால் மீன் விலை விழும், ஆலைக்குக் கெட்ட பெயர் வரும், ஊர் அழியும் என்ற அச்சம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

ஹராதா மசஸுமி என்ற மருத்துவர் தன் வாழ்நாள் ஆய்வின் முடிவாக ஒன்றைச் சொல்லிவந்தார். மாசு வந்ததால் பாகுபாடு பிறந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் பாகுபாடு ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குத்தான் மாசு போய்ச் சேர்கிறது. மினமாட்டாவின் கரையோரக் குடியிருப்புகள் இதற்குச் சான்று.

தெரிந்தே மறைத்த உண்மை

1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு, நோய்க்குக் காரணம் கரிமப் பாதரசம் என்று அறிவித்தது. நிறுவனம் மறுத்தது. தொழில்துறை சார்ந்த அறிஞர்கள் சிலர் வேறு காரணங்களை முன்வைத்தார்கள். போர்க்காலத்தில் கடலில் கொட்டிய வெடிமருந்து என்றார்கள். அழுகிய மீனிலிருந்து உண்டாகும் நச்சு என்றார்கள். ஒவ்வொரு மறுப்பும் அறிவியலின் உடையணிந்து வந்தது. ஐயம் நீடிக்கும்வரை ஆலை ஓடலாம் என்பதுதான் அதன் பயன்.

ஹோசோகாவா இதற்கிடையில் பூனைகளுக்கு ஆலைக் கழிவை உணவில் கலந்து கொடுத்துச் சோதித்து வந்தார். 400 என்று எண்ணிடப்பட்ட பூனைக்கு அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவைக் கொடுத்தார். 1959 அக்டோபரில் அதற்கு அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை வெளியிடவிடாமல் தடுத்தது. நவம்பரில் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து கலவரம் செய்தபோது, நாட்டின் செய்தித்தாள்கள் அவர்களின் வன்முறையைத்தான் பெரிதாக எழுதின. டிசம்பரில் ஒரு சுத்திகரிப்புக் கருவி ஆரவாரத்தோடு திறக்கப்பட்டது. கரைந்த கரிமப் பாதரசத்தை நீக்கும் திறன் அதற்கு இல்லை. அதே மாத இறுதியில் ஆறுதல் தொகை ஒப்பந்தம் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நாடு நினைத்துக்கொண்டது.

ஆலை 1968 மே வரை பாதரசத்தை வெளியேற்றியது. இடையில், 1965-ல், நீகாட்டா மாகாணத்தின் அகானோ ஆற்றங்கரையில் ஷோவா டென்கோ என்ற இன்னொரு நிறுவனத்தின் கழிவால் அதே நோய் தோன்றியது. 1968 செப்டம்பர் 26 அன்றுதான் ஜப்பானிய அரசு இரு இடங்களிலும் ஆலைக் கழிவே காரணம் என்று ஒப்புக்கொண்டது. அசிட்டால்டிஹைடு தயாரிப்பு முறை பழையதாகி, சிஸ்ஸோ அதைக் கைவிட்டு நான்கு மாதங்கள் ஆன பிறகு வந்த ஒப்புதல் அது.

அறிவு இல்லாததால் இந்தத் தாமதம் நேரவில்லை என்பதை இந்த வரலாறு தெளிவாகச் சொல்கிறது. அறிவு மீனவர்களிடம் இருந்தது, பல்கலைக்கழகத்தில் இருந்தது, ஆலைக்குள்ளேயே இருந்தது. அதைப் பொது உண்மையாக மாற்றும் ஆற்றல் யாரிடமும் இல்லை.

தாய்மார்களின் அறிவு எப்படி மறுக்கப்பட்டது என்பதற்கு ஹராதாவின் அனுபவமே எடுத்துக்காட்டு. 1961-ல் இளம் மருத்துவராக ஒரு மீனவக் குடியிருப்புக்குப் போன அவர், ஒரே வீட்டில் ஒரே மாதிரி அறிகுறிகளோடு இரண்டு சிறுவர்களைக் கண்டார். மூத்தவனுக்கு மினமாட்டா நோய் என்றும் இளையவனுக்குப் பிறவி மூளை முடக்கம் என்றும் மருத்துவர்கள் பிரித்திருந்தார்கள். இளையவன் மீன் சாப்பிட்டதே இல்லை என்பது அதற்குக் காரணம். அவர்களின் தாய் அதை ஏற்கவில்லை. அவனை வயிற்றில் சுமந்தபோது மீன் சாப்பிட்டது தான் என்றும், நஞ்சு தன் வழியாகவே அவனுக்குப் போயிருக்கிறது என்றும் சொன்னார். நஞ்சுக்கொடியைத் தாண்டி நஞ்சு கருவுக்குப் போகாது என்பது அன்றைய மருத்துவப் பாடம். படித்த பாடத்தைவிட அந்தத் தாயின் சொல்லை ஹராதா நம்பத் தொடங்கினார். 1962-ல் பிறவி மினமாட்டா நோய் அங்கீகரிக்கப்பட்டது.

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பேணும் வழக்கம், நம் ஊர்களில் தாயத்தில் அடைத்து வைப்பதுபோல, ஜப்பானிலும் உண்டு. ஹராதா அந்தக் கரையோர வீடுகளில் இருந்த தொப்புள்கொடிகளைத் திரட்டி ஆய்வுக்கு உட்படுத்தினார். அவற்றில் இருந்த மீத்தைல் பாதரசத்தின் அளவு, ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தியோடு சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தது. 1975-ல் 'நேச்சர்' இதழில் அந்த முடிவு வெளியானது. தாய்மார்கள் பெட்டிக்குள் காத்து வைத்திருந்ததே கடைசியில் மறுக்க முடியாத ஆவணமானது.

கலை: பேச முடியாதவர்களின் பேச்சு

இஷிமுரே மிச்சிகோ 1927-ல் அமாகுசாவில் பிறந்து மினமாட்டாவில் வளர்ந்தவர். பெரிய பல்கலைக்கழகப் படிப்போ இலக்கிய வட்டத்தின் ஆதரவோ இல்லாத இல்லத்தரசி. 1950-களின் இறுதியில் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்ததிலிருந்து அவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். குமமோட்டோவில் வெளிவந்த ஒரு சிற்றிதழில் 1965 முதல் தொடராக வந்த அந்த எழுத்து, 1969-ல் 'குகாய் ஜோடோ' என்ற நூலானது.

அந்நூல் மருத்துவ அறிக்கைகளையும் சட்டமன்றப் பதிவுகளையும் அப்படியே எடுத்து வைக்கிறது. அவற்றுக்கு அருகிலேயே, கரையோர வட்டார வழக்கில் நோயாளிகள் நீளப் பேசுகிறார்கள். கணவனோடு படகில் போன நாள்களை, கடலின் நிறங்களை, மீனின் சுவையை நினைவுகூர்கிறார்கள். முதலில் படித்தவர்கள் இதை ஒலிப்பதிவிலிருந்து எழுதிய பேட்டி என்றே எண்ணினார்கள். அந்த நோயாளிகளில் பலரால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. அவர்கள் பேச முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ அதை இஷிமுரே எழுதினார் என்று அவருடைய பதிப்பாசிரியர் வாதானபே கியோஜி பின்னாளில் விளக்கினார்.

இது நேர்மையா என்ற கேள்வி எழத்தான் செய்யும். கவனித்துப் பார்த்தால், அரசின் கோப்புகள் நோயாளியை அறிகுறிகளின் பட்டியலாகக் காட்டின. நடுக்கம், குழறல், பார்வைச் சுருக்கம் ஆகியவைதாம் அங்கே இருந்தன. இழந்தது என்ன என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கடலோடு ஒருவருக்கு இருந்த உறவும் அதிலிருந்த இன்பமும் தெரியாமல், அவருக்கு நேர்ந்த இழப்பை அளக்க முடியாது. இஷிமுரே செய்தது அந்த அளவையைப் படைத்ததுதான். நகரத்து வாசகர்கள் முதன்முறையாக மீனவரைப் பரிதாபத்துக்குரியவராகப் பார்க்காமல், தம்மிடம் இல்லாத செல்வமொன்றை வைத்திருந்து பறிகொடுத்தவராகப் பார்த்தார்கள். ஓயா சோஇச்சி நினைவுப் பரிசு தேடி வந்தபோது இஷிமுரே அதை மறுத்துவிட்டார். 1973-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஒளிப்படம் வேறொரு வழியில் வேலை செய்தது. குவாபாரா ஷிசெய் 1960 முதலே நோயாளிகளைப் படமெடுத்துவந்தார். 1971-ல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி அய்லீனும் மினமாட்டாவில் வந்து தங்கினார்கள். 1972 ஜனவரியில் சிஸ்ஸோவின் இன்னொரு ஆலையில் நோயாளிகளோடு போயிருந்தபோது ஸ்மித் கடுமையாகத் தாக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் 'லைஃப்' இதழில் வெளியான அவர் படங்கள் உலகத்தை மினமாட்டா பக்கம் திருப்பின. பிறவியிலேயே நோயுற்ற மகளைத் தாய் குளிப்பாட்டும் படம் அவற்றில் மிகவும் அறியப்பட்டது.

அந்தப் படத்தின் பிற்காலக் கதையையும் சொல்லியாக வேண்டும். மகள் 1977-ல் இறந்தாள். படம் பாடநூல்களிலும் கண்காட்சிகளிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் இனியேனும் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1990-களின் இறுதியில் அய்லீன் அந்தப் படத்தைப் புதிதாக வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்து, அதைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். படம் இயக்கத்துக்குப் பயன்பட்டது என்பதாலேயே அதன்மேல் இயக்கத்துக்கு நிரந்தர உரிமை வந்துவிடாது என்பதை அந்த முடிவு நிலைநாட்டியது. துயரத்தை எடுத்துக் காட்டும் கலை, துயரப்பட்டவரின் சம்மதத்துக்குக் கட்டுப்பட்டது.

ஆவணப்பட இயக்குநர் சுச்சிமோட்டோ நோரியாக்கி இதைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டார். 1965-ல் தொலைக்காட்சிக்காகப் படமெடுக்கப் போனபோது, கேட்காமல் கேமராவைத் திருப்பியதற்காக நோயுற்ற பிள்ளையின் தாய் ஒருவர் அவரைக் கடுமையாகச் சாடினார். அவர் நிலைகுலைந்துபோனார். பின்னர் திரும்பிவந்து, குடும்பங்களோடு பழகி, 1971-ல் 'மினமாட்டா: நோயாளிகளும் அவர்களின் உலகமும்' என்ற முழுநீளப் படத்தை முடித்தார். அதன் பிறகும் பல படங்களை எடுத்தார். நோயாளிகள் மீன் பிடிக்கிறார்கள், சிப்பி பொறுக்குகிறார்கள், வாதாடுகிறார்கள், சிரிக்கிறார்கள். மருத்துவமனைக் கட்டிலில் மட்டும் காணப்பட்டவர்கள் அவருடைய திரையில் முழு மனிதர்களானார்கள்.

கல்வி: அறிவைக் கைமாற்றுதல்

சுச்சிமோட்டோவின் பணி திரையரங்கோடு முடியவில்லை. 1977-ல் அவரும் அவர் குழுவினரும் படச்சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஷிரானுயி கடலோர ஊர்களையும் தீவுகளையும் சுற்றிவந்து படங்களைத் திரையிட்டார்கள். அந்த மீனவர்களும் அதே கடலின் மீனைத்தான் உண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் கை மரத்துப்போவதற்கும் தலைவலிக்கும் என்ன காரணம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நோய் மினமாட்டா நகரத்துக்கு உரியது என்று அரசு வரைந்த எல்லையை, ஒரு திரைச்சீலையும் ஒரு படக்கருவியும் கேள்விக்கு உட்படுத்தின.

கல்வியின் இன்னொரு முனை தலைநகரத்தில் இருந்தது. உயி ஜுன் வேதிப் பொறியாளர். இளமையில் பிளாஸ்டிக் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது பாதரசக் கழிவை வெளியேற்றும் பணியில் அவருக்கும் பங்கு இருந்தது. மினமாட்டாச் செய்தி அவரை உலுக்கியது. குவாபாராவோடு சேர்ந்து விசாரித்து, மறைக்கப்பட்ட பூனைச் சோதனையைப் பற்றி அறிந்தார். புனைபெயரில் தொடர் கட்டுரைகள் எழுதினார். பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, 1970 அக்டோபரில் மாலை வேளைப் பொதுச் சொற்பொழிவு வரிசை ஒன்றைத் தொடங்கினார். மாணவர், தொழிலாளர், இல்லத்தரசி, வேறு மாசுப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் என யார் வேண்டுமானாலும் வரலாம். தேர்வும் பட்டமும் கிடையாது. 1985 வரை பதினைந்து ஆண்டுகள் அது நடந்தது. உயி ஜுன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பல்கலைக்கழகத்தில் உதவியாளராகவே வைக்கப்பட்டிருந்தார்.

அந்த வகுப்பின் அடிப்படைக் கருத்து எளிமையானது, கடுமையானது. மாசுப் பிரச்சினையில் நடுநிலை என்ற இடமே இல்லை. ஒருபக்கம் கழிவைக் கொட்டுபவர், மறுபக்கம் அதைக் குடிப்பவர் என்றிருக்கும்போது, இரண்டுக்கும் நடுவில் நிற்பதாகச் சொல்லும் வல்லுநர் நடைமுறையில் கொட்டுபவருக்கே உதவுகிறார். மினமாட்டாவில் முன்வைக்கப்பட்ட மாற்றுக் கோட்பாடுகளின் வரலாறு அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருந்தது. வெளிநாட்டு ஆய்வுகளை மொழிபெயர்ப்பது, சொற்பொழிவுகளை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்புவது, ஒரு பகுதி மக்களின் அனுபவத்தை இன்னொரு பகுதிக்குக் கொண்டுசேர்ப்பது என அந்த வகுப்பே ஓர் இயக்கமானது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்தபோது, மினமாட்டா நோயாளிகளை அங்கே அழைத்துச் சென்று உலகத்தின் முன் நிறுத்தியதிலும் உயி ஜுன் முன்னின்றார்.

உள்ளூரில் இந்தப் பணியை முதலில் தோளில் சுமந்தவர்களில் ஒருவர் ஹியோஷி ஃபுமிகோ. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1968 ஜனவரியில் நோயாளிகளுக்கு ஆதரவாகக் குடிமக்கள் மன்றம் அமைந்தபோது அதன் தலைவரானார். ஆலையை நம்பி வாழும் ஊரில் அந்தப் பொறுப்பை ஏற்க மிகுந்த துணிவு வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் சிஸ்ஸோவின் முதல் தொழிற்சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நோயாளிகளுக்காக இதுவரை எதுவும் செய்யாமல் இருந்தது மனிதர்களாகவும் தொழிலாளர்களாகவும் தங்களுக்கு வெட்கம் என்று அது ஒப்புக்கொண்டது. ஒரு தொழிற்சங்கம் தன் ஆலையின் குற்றத்தில் தன் மௌனத்துக்கும் பங்கு உண்டென்று எழுத்தில் சொன்னது பெரிய நிகழ்வு. அந்தத் தொழிலாளர்களில் சிலர் பின்னர் நீதிமன்றத்தில் ஆலையின் உள்நடப்பைச் சாட்சியாகச் சொன்னார்கள்.

1974-ல் சோஷிஷா என்ற நோயாளர் ஆதரவு மையம் நன்கொடைகளால் உருவானது. 1988-ல் அது, முன்பு காளான் வளர்த்த கட்டடம் ஒன்றில் மினமாட்டா நோய் வரலாற்று அருங்காட்சியகத்தைத் திறந்தது. கடலை இழந்த குடும்பங்கள் நாரத்தை இனப் பழமரங்களைப் பயிரிட்டபோது, நஞ்சால் கெட்டவர்கள் பிறருக்கு நஞ்சு தரக் கூடாது என்று பூச்சிமருந்தைக் குறைத்த வேளாண்மையைத் தேர்ந்தார்கள். நகராட்சி அருங்காட்சியகம் 1993-ல் வந்தது. அங்கே நோயாளிகளே பள்ளி மாணவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். ஹராதா 2002-ல் குமமோட்டோ காகுயென் பல்கலைக்கழகத்தில் 'மினமாட்டா கல்வி' என்ற புதிய பாடத்தைத் தொடங்கினார். மருத்துவம், சட்டம், பொருளியல், இலக்கியம் எல்லாம் ஒன்றுசேர்ந்த அந்தப் பாடத்தில் நோயாளிகளும் மீனவர்களும் ஆசிரியர்களாக வந்து நின்றார்கள்.

போராட்டம்: முகத்துக்கு நேராக

1969 ஜூன் 14 அன்று 29 குடும்பங்கள் சிஸ்ஸோமீது வழக்குத் தொடுத்தன. வழக்குத் தொடுப்பதே பாதிக்கப்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தது. அரசின் சமரசத்துக்கு உடன்பட்டவர்கள் ஒருபுறம், நீதிமன்றம் சென்றவர்கள் மறுபுறம். கவாமோட்டோ தெருவோ என்ற நோயாளி மூன்றாவது வழியொன்றை எடுத்தார். வழக்கறிஞர், அதிகாரி, நடுவர் யாரும் இடையில் வேண்டாம், நிறுவனத் தலைவரை நேரில் சந்தித்துப் பதில் கேட்போம் என்றார். 1971 டிசம்பரில் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, டோக்கியோவில் உள்ள தலைமை அலுவலகத்தில் அவரும் தோழர்களும் அமர்ந்திருந்தார்கள்.

இதற்கு முன், 1970 நவம்பர் 28 அன்று ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில், கலையும் அறிவும் போராட்டமும் ஒரே மேடையில் சேர்ந்தன. நோயாளிகளும் ஆதரவாளர்களும் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கிப் பங்குதாரர் என்ற உரிமையோடு உள்ளே நுழைந்தார்கள். இது சட்டம் தெரிந்தவர்கள் கொடுத்த அறிவு. பௌத்த யாத்திரிகர்களின் வெள்ளாடை அணிந்து, மணியொலித்து, இறந்தோருக்கான வழிபாட்டுப் பாடலைப் பாடினார்கள். இஷிமுரேயும் அவர்களோடு இருந்தார். கணக்கு வழக்கு மட்டும் பேசப்படும் மண்டபத்தில் இறந்தவர்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள். பெற்றோரை இழந்த பெண்ணொருத்தி அவர்களின் நினைவுப் பலகைகளை நிறுவனத் தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டி, பெற்றோரை இழப்பது என்னவென்று புரிகிறதா என்று அழுதபடி கேட்டாள். தொலைக்காட்சியும் செய்தித்தாள்களும் அதை நாடெங்கும் கொண்டுசென்றன.

நீதிமன்றத்தில் திருப்பத்தைத் தந்தது மனச்சான்றின் சாட்சியம். புற்றுநோயால் மருத்துவமனையில் கிடந்த ஹோசோகாவா, 1970 ஜூலையில் படுக்கையிலிருந்தபடியே 400-ஆம் பூனையின் கதையைச் சொன்னார். அடுத்த சில மாதங்களில் இறந்தார். 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் கவனக்குறைவுக்குப் பொறுப்பு. ஆறுதல் தொகை ஒப்பந்தம், நோயாளிகளின் வறுமையையும் அறியாமையையும் பயன்படுத்திக்கொண்டது என்பதால் பொது ஒழுக்கத்துக்கு மாறானது, செல்லாது. நோயின் கடுமைக்கேற்ப ஒவ்வொருவருக்கும் 1.6 முதல் 1.8 கோடி யென் வழங்க வேண்டும். இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கவாமோட்டோ குழுவினர் நடத்திய நேரடிப் பேச்சுவார்த்தையின் விளைவாக, அதே ஆண்டு ஜூலையில் மருத்துவச் செலவும் வாழ்நாள் உதவித்தொகையும் சேர்ந்த ஒப்பந்தம் உருவானது. வழக்கு பணத்தைப் பெற்றுத்தந்தது. நேரடிப் போராட்டம் அதை வழக்காடாத நோயாளிகளுக்கும் விரிவாக்கியது. உள்ளிருப்புப் போராட்டத்தின்போது ஊழியர்களைக் காயப்படுத்தியதாகக் கவாமோட்டோமீது போட்ட வழக்கும் நிலைக்கவில்லை. நிறுவனத்தின் குற்றத்தை இத்தனை காலம் விட்டுவிட்டு நோயாளியை மட்டும் குற்றம்சாட்டுவது நியாயமன்று என்ற அடிப்படையில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 1980-ல் அம்முடிவை நிலைநிறுத்தியது.

வென்றதும் வெல்லாததும்

1973-ஐ முடிவாகக் கொண்டு இந்தக் கதையைச் சொல்லி நிறுத்திவிடலாம். அப்படிச் செய்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். இழப்பீடு பெற, அரசின் குழு ஒருவரை நோயாளி என்று சான்றளிக்க வேண்டும். 1977-ல் அந்த அளவுகோல் இறுக்கப்பட்டது. பல அறிகுறிகள் ஒன்றாக இருந்தால்தான் நோயாளி என்றானது. மினமாட்டாவையும் நீகாட்டாவையும் சேர்த்து இதுவரை சான்று பெற்றவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். 2009-ல் வந்த சிறப்புச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்டு 60,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தொலைவுதான் இன்னும் தீராத அநீதியின் அளவு. மாசு பரவுவதைத் தடுக்காமல் விட்டதற்கு அரசும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. 2023 செப்டம்பரிலும் ஒசாகா மாவட்ட நீதிமன்றம், சிறப்புச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட 128 பேரை நோயாளிகள் என்று ஏற்றது.

2024 மே 1 அன்று, மினமாட்டாவில் நினைவு நாள் கூட்டத்துக்குப் பின் சுற்றுச்சூழல் அமைச்சர் நோயாளர் அமைப்புகளைச் சந்தித்தார். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஒதுக்கியிருந்தார்கள். இறந்துபோன மனைவியைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது, நேரம் முடிந்ததென்று அதிகாரிகள் ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஒரு வாரத்தில் அமைச்சர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நிர்வாகத்தின் கை அதே இடத்துக்குத்தான் போகிறது. மாறியிருப்பது ஒன்று உண்டு. முன்பு மௌனமாக்கப்பட்டவரைப் பார்த்து ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்போது மௌனமாக்கியவர் ஒரு வாரத்துக்குள் தலைகுனிய வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது ஐம்பதாண்டு எழுத்தும் படமும் வகுப்பும் வழக்கும்தான்.

பணத்தால் தீராத கேள்விகளையும் நோயாளிகளே எழுப்பினார்கள். தந்தையை இந்நோய்க்குப் பறிகொடுத்த மீனவர் ஒகாட்டா மசாட்டோ, பல ஆண்டுகள் போராட்டத்தின் முன்னணியில் நின்றபின், 1985-ல் தன் சான்றளிப்பு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எல்லாம் விண்ணப்பமாகவும் தொகையாகவும் ஆனபின், மனிதராகப் பொறுப்பேற்க யாரும் எதிரே இல்லை என்று அவர் உணர்ந்தார். 1990-களின் நடுவில் அவரும் இஷிமுரேயும் மற்றவர்களும் ஓர் அமைப்பாகக் கூடி, பாதரசச் சேற்றின்மேல் எழுப்பப்பட்ட 58 ஹெக்டேர் நிலத்தில் சிறு கல் புத்தர்களைச் செதுக்கி வைக்கத் தொடங்கினார்கள். இஷிமுரே எழுதிய நோ நாடகமான 'ஷிரானுயி' 2004 ஆகஸ்டில் அதே நிலத்தில் நிகழ்த்தப்பட்டது. மனிதர்களோடு சேர்ந்து மாண்ட மீன், பறவை, பூனை ஆகியவற்றுக்கும் அது அஞ்சலி செலுத்தியது. எந்த நீதிமன்றமும் அவற்றின் கணக்கை எடுக்கவில்லை. கலைதான் எடுத்தது.

நமக்கு என்ன பாடம்

பாதரசம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கைக்கு மினமாட்டாவின் பெயரே வைக்கப்பட்டுள்ளது. 2013-ல் ஏற்கப்பட்டு 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த அதில் இந்தியாவும் 2018-ல் இணைந்தது. தமிழ்நாட்டுக்குப் பாதரசம் தொலைதூரச் செய்தி அன்று. அமெரிக்காவிலிருந்து 1980-களில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்த வெப்பமானி ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடையொன்றில் கண்டெடுக்கப்பட்டதும், 2001-ல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் மருத்துவ ஆய்வுக்கும் இழப்பீட்டுக்கும் போராடினார்கள். 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாடல் இணையத்தில் இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

பாடல் வென்றது என்று இதைச் சுருக்கிச் சொல்வது தவறு. பாடலுக்கு முன்னால் பதினான்கு ஆண்டுகள் தொழிலாளர்கள் திரட்டிய ஆவணங்களும் மனுக்களும் வழக்கும் இருந்தன. அவை இருந்ததால்தான் பாடல் தூண்டிய கவனம் காற்றில் கரையாமல் ஒரு மேசையில் போய் அமர்ந்தது. மறுதலையாக, அந்தப் பாடல் இல்லாமல் அந்த ஆவணங்களுக்கு அத்தனை கண்கள் கிடைத்திருக்காது. மினமாட்டாவிலும் இதையே கண்டோம். நூல் மட்டும் இருந்திருந்தால் கண்ணீரோடு முடிந்திருக்கும். வகுப்பு மட்டும் இருந்திருந்தால் அறிவு படித்தவர்களுக்குள்ளேயே சுழன்றிருக்கும். போராட்டம் மட்டும் இருந்திருந்தால் 1959 நவம்பர்க் கலவரம்போல் சட்டம் ஒழுங்குச் செய்தியாக மறைந்திருக்கும்.

இவற்றை ஒன்றாகப் பிணைத்தது எது? தலைமைப் பொறுப்பு பாதிக்கப்பட்டவர்களிடமே இருந்தது. ஹராதா ஒரு தாயிடம் பாடம் கேட்டார். சுச்சிமோட்டோ ஒரு தாயிடம் திட்டு வாங்கித் தன் கலையை மாற்றிக்கொண்டார். அய்லீன் உலகப் புகழ்பெற்ற படத்தைப் பெற்றோரிடம் ஒப்படைத்தார். வெளியிலிருந்து வந்த கலைஞரும் அறிஞரும் தங்கள் திறமையைக் கொடுத்தார்கள்; முடிவெடுக்கும் உரிமையை எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி எடுத்துக்கொண்ட இடங்களில் இயக்கங்கள் உடைந்திருக்கின்றன.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் ஊர்களைப் பார்க்கலாம். ஒரு தொழிற்சாலைக்கோ துறைமுகத்துக்கோ அனுமதி தரும்முன் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. பல நூறு பக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வட்டார மொழியில் தரப்படுவது அதன் சுருக்கம் மட்டுமே. காற்றையும் நீரையும் நிலத்தையும் பற்றிய கணக்குகளைப் படிக்க முடியாத மீனவரையும் உழவரையும் மேடைக்கு அழைத்துச் சில நிமிடங்களில் கருத்துச் சொல்லச் சொல்கிறோம். அவர்கள் சினத்தோடு பேசினால் உணர்ச்சிவசப்பட்டதாகக் குறிப்பெழுதுகிறோம். இரண்டாவது அநீதி என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் முளைவிடுகிறது, நஞ்சு வருவதற்கு முன்பாகவே.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. முழு அறிக்கையும் தமிழில் வர வேண்டும். அதைப் படித்து விளக்க அறிவியல் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அந்தந்த ஊருக்குப் போக வேண்டும். ஊராரே தங்கள் நீரையும் உடல்நலத்தையும் பதிவுசெய்யும் ஏடுகள் தொடங்கப்பட வேண்டும். அந்த ஏடுகளைச் சான்றாக ஏற்கும் கடமை அதிகாரிகளுக்கு இருக்க வேண்டும். இழக்கப்போவது எவ்வளவு பெரிய வாழ்வு என்பதை எழுதவும் பாடவும் படமெடுக்கவும் கலைஞர்கள் இழப்புக்கு முன்பே அங்கே போய் இருக்க வேண்டும். மினமாட்டாவில் 1956-க்கும் 1968-க்கும் இடையில் நஞ்சைப் பற்றித் தெரிந்துகொண்டே கடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்கு எந்தத் தீர்ப்பும் உடலைத் திருப்பித் தரவில்லை. காலம் கடந்த நீதியைப் பெற்றுத்தரக் கலையும் கல்வியும் போராட்டமும் அங்கே சேர்ந்து உழைத்தன. காலத்தோடு வரும் நீதிக்காக அவை இங்கே சேர்வது நம் கையில் இருக்கிறது.